துவக்கியில் தமிழ்

நுழையும்முன்

கணினித் திரையில் ஒரு சின்னத்தைச் சொடுக்கினால் ஒரு செயலி திறக்கிறது. சொடுக்குவதற்கும் திறப்பதற்கும் இடையே சில வரிகளே கொண்ட ஓர் எளிய உரைக்கோப்பு நின்று பணியாற்றுகிறது. அந்தக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் செயலியின் பெயர் தமிழில் தோன்றும். ஒரு வரி பிழைத்தால் செயலியே திறக்காது. லினக்ஸ் திரைமுகப்பில் துவக்கிகளைத் தொகுப்பதையும் செப்பம் செய்வதையும் விளக்குகிறது இக்கட்டுரை.

கொடியும் சின்னமும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியரின் தலைநகரில் இருந்த நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. அந்நகரத் தெருக்களில் பலவகைக் கொடிகள் அசைந்தன. கள் விற்கும் இடத்தைக் காட்டவும் தனிக்கொடி இருந்தது. எழுத்தறியாதவரும் வேற்று மொழியாளரும் கொடியைக் கண்டே இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும் என்று அறிந்தனர். இன்றைய மதுரையிலும் நகை வாங்குவோர் தெற்கு ஆவணி மூல வீதிக்கும் துணி எடுப்போர் விளக்குத்தூண் பகுதிக்கும் செல்கின்றனர். வெங்கலக்கடைத் தெருவிற்கு அதன் பெயரே விளக்கம். ஒரே வகைப் பொருள் ஒரே தெருவில் இருப்பதால் நகருக்குப் புதியவரும் வழி தவறுவதில்லை.

கணினித் திரையின் பட்டியும் இத்தகையதோர் அங்காடியே. பணிக்குறி என்பது கொடி. அதன் கீழுள்ள சொல் கடையின் பெயர்ப்பலகை. அலுவலகம், கல்வி, வரைகலை, இணையம், விளையாட்டு என்னும் பிரிவுகள் தெருக்கள். இம்மூன்றையும் ஒருங்கே தாங்கும் கோப்பினைத் துவக்கி என்கிறோம். பெயர்ப்பலகை யாவும் அயல்மொழியில் இருக்கும் அங்காடியில் ஒருவர் பொருள் வாங்கக் கூடும். ஆயினும் அவர் அங்கே எப்போதும் விருந்தாளியாகவே இருப்பார்.

பொது இலக்கணம் பிறந்த வரலாறு

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு லினக்ஸ் கருவினை வெளியிட்டார். அதன்மேல் இயங்கும் வரைகலைத் திரைமுகப்புகளாகக் கேடிஇ 1996-ஆம் ஆண்டிலும் குநோம் 1997-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இரண்டும் திறந்த மூலத் திட்டங்களே எனினும், ஒன்றின் துவக்கியை மற்றொன்று முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை. செயலி எழுதுவோர் ஒரே செயலிக்கு இருவகைத் துவக்கிகளை எழுத வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு ஹேவாக் பென்னிங்டன் என்பவர் ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். எல்லாத் திரைமுகப்புகளுக்கும் பொதுவான துவக்கி இலக்கணம் அதன் வழியே உருவாயிற்று. இன்று உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய எந்த லினக்ஸ் வெளியீட்டை எடுத்துக்கொண்டாலும் துவக்கிக் கோப்பின் வடிவம் ஒன்றே. கோப்புப் பெயர் 'டெஸ்க்டாப்' என்னும் பின்னொட்டோடு முடியும்.

தமிழ்நாட்டில் இம்முயற்சியின் பயன் பள்ளிகளுக்குள் நுழைந்தது பின்னரே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளிவந்தது. இந்திய மொழிகளில் திரைமுகப்பைப் பயன்படுத்துவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கட்டங்களில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் போன்ற ஊர்களில் கணினியே நுழையாத பல வீடுகளுக்கு முதற்கணினி அவ்வாறே வந்து சேர்ந்தது. அதைத் திறந்த மாணவரின் கண்ணில் முதலில் பட்டது துவக்கிகளின் வரிசை.

ஒரு துவக்கியின் உடற்கூறு

மேலூர் வட்டாரம் பெரியாறு பாசனத்தின் கடைமடைப் பகுதி. வைகை அணையின் நீர்மட்டம் அங்குள்ள உழவர்க்கு நாள்தோறும் கவலைக்குரிய செய்தி. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அப்பகுதிப் பள்ளி மாணவி ஒருத்தி, நாளிதழில் வரும் நீர்மட்டத்தை ஒரு கோப்பில் அன்றாடம் பதிந்து, அதை வரைபடமாகக் காட்டும் சிறு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதுகிறாள் என்று கொள்வோம். நிரல் நன்றாகவே இயங்குகிறது. ஆயின், அதை இயக்க முனையத்தைத் திறந்து ஆங்கிலக் கட்டளையைத் தட்ட வேண்டும். அவள் பள்ளிக்குச் சென்றிருக்கும் நேரத்தில் அந்த வரைபடத்தைப் பார்க்க விரும்பும் தந்தைக்கு அது இயலாது. நிரல் எவருக்குப் பயன்பட வேண்டுமோ அவர் கைக்கு எட்டாமலே நிற்கிறது. இந்த இடைவெளியைத் துவக்கி நிரப்பும்.

துவக்கிக் கோப்பின் முதல்வரி, சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்பெறும் 'டெஸ்க்டாப் என்ட்ரி' என்னும் தலைப்பு. அதன்கீழ் வரும் ஒவ்வொரு வரியும் ஒரு திறவுச்சொல்லும் சமக்குறியும் மதிப்பும் கொண்டது. 'டைப்' என்னும் வரி, இது செயலியா, இணைய இணைப்பா, கோப்புறையா என்பதைச் சொல்லும். 'நேம்' பெயரைத் தரும். 'எக்செக்' எந்தக் கட்டளையை இயக்க வேண்டும் என்று கூறும். 'ஐகான்' பணிக்குறியையும் 'கேட்டகரீஸ்' பிரிவையும் குறிக்கும். 'கமென்ட்' வரியிலுள்ள குறுவிளக்கம் சுட்டியைச் சின்னத்தின் மேல் நிறுத்தும்போது தோன்றும். திறவுச்சொற்களை ஆங்கில எழுத்துகளிலேயே எழுத வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அங்கே பொருட்டு.

இவ்வாறு எழுதிய கோப்பை எங்கே வைப்பது? கணினியின் பயனர் அனைவர்க்கும் உரிய துவக்கிகள் அமைப்புக்குரிய பொதுக் கோப்புறையில் உள்ளன; அதில் எழுத மேலாளர் உரிமை வேண்டும். தம் கணக்குக்கு மட்டும் உரியதை, இல்லக் கோப்புறையினுள் 'லோக்கல்', 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' என ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கோப்புறையில் வைக்கலாம். 'லோக்கல்' என்னும் பெயரின் முன்னே ஒரு புள்ளி உண்டு. புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் கண்ணுக்குப் புலப்படா. மறைந்தவற்றைக் காட்டும்படி கோப்பு மேலாளரிடம் கேட்ட பின்னரே அதனைக் காண முடியும்.

மாணவி கோப்பை அங்கே வைத்துவிட்டாள். பட்டியில் சின்னமும் தோன்றிவிட்டது. சொடுக்கினால் ஒன்றும் நிகழவில்லை. முனையத்தில் ஒழுங்காக ஓடிய நிரல் துவக்கியின் வழியே ஓடாமற் போவது இத்துறையில் பலரும் சந்திக்கும் இடர். காரணம் எளியது. முனையத்தில் அவள் நிரல் இருந்த கோப்புறைக்குள் சென்று அதனை இயக்கினாள். நீர்மட்டப் பதிவுக் கோப்பும் அங்கேயே இருந்தது. துவக்கியோ நிரலை வேறோர் இடத்தில் நின்று, பெரும்பாலும் இல்லக் கோப்புறையில் நின்று, தொடங்குகிறது. பதிவுக் கோப்பைத் தேடிய நிரல் அதனைக் காணாமல் ஓசையின்றி நின்றுவிடுகிறது. 'பாத்' என்னும் வரியைச் சேர்த்து, நிரல் நிற்க வேண்டிய கோப்புறையின் முழு முகவரியை எழுதினால் இடர் தீரும். இல்லத்தைக் குறிக்க முனையத்தில் இடும் அலைக்கோட்டுக் குறியைத் துவக்கியில் இடலாகாது. அக்குறியை முழு முகவரியாக விரிப்பது முனையத்தின் வேலை. துவக்கியிடம் அப்பழக்கம் இல்லை.

பிழை எங்கே என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. 'டெர்மினல்' என்னும் வரியில் 'ட்ரூ' என்று எழுதினால் நிரல் முனையச் சாளரத்தினுள் இயங்கும். பிழைச்செய்தி அங்கே தோன்றும். நிரல் முடிந்தவுடன் சாளரமும் மூடிக்கொள்ளும் ஆதலால் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். மற்றொன்று, 'டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட்' என்னும் சரிபார்ப்புக் கருவி. கோப்பின் பெயரைக் கொடுத்தால் எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, இல்லாத பிரிவுப்பெயர் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும். பிழை இல்லையெனில் பேசாமல் இருக்கும். கோப்பினை எழுதியவர் தாமே நூறு முறை படிப்பதைவிட இக்கருவியை ஒருமுறை இயக்குவது மேல்.

தமிழ் நுழையும் வரி

துவக்கி இலக்கணத்தின் அழகு மொழிக்கு அது தந்துள்ள இடத்தில் இருக்கிறது. 'நேம்' என்னும் திறவுச்சொல்லை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 'டி ஏ' என்னும் ஈரெழுத்துக் குறியீட்டை இட்டுச் சமக்குறிக்குப் பின் தமிழ்ப்பெயரை எழுதினால் போதும். கணினியின் மொழி தமிழாக இருக்கும்போது அப்பெயர் தோன்றும். வேறு மொழியாக இருப்பின் அடைப்புக்குறி இல்லாத பொதுப்பெயர் தோன்றும். ஒரே கோப்பில் பல மொழிப்பெயர்கள் ஒன்றையொன்று இடறாமல் இருக்கலாம். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி நீள்குறியீடுகளும் உண்டு. கணினி முதலில் நாட்டுக்குரிய வரியைத் தேடும். அது இல்லையெனில் பொதுத்தமிழ் வரியை எடுத்துக்கொள்ளும்.

இங்கே பெயரிடுவோரின் பொறுப்பு தொடங்குகிறது. முனையம் என்று எழுதுவதா, டெர்மினல் என்று எழுதுவதா? ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தால் தமிழ்நாட்டார் 'ட' இடும் இடத்தில் ஈழத்தமிழர் பெரும்பாலும் 'ர' இடுவர். ஒரே சொல் இருவேறு உருக்கொள்ளும். முனையம் என்றால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே வரி பயன்படும். பொதுப்பெயர்களைத் தமிழாக்குவதே தக்கது என்பதற்கு இது வலுவான காரணம். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவை தனிப்பெயர்கள். அவற்றைத் 'தீநரி' என்று பெயர்ப்பது நகைப்புக்கே இடமாகும். தனிப்பெயரை ஒலிபெயர்த்து நிறுத்தி, 'ஜெனரிக் நேம்' என்னும் வரியில் 'இணைய உலாவி' என்று வகையைக் குறிப்பதே முறை. 'கீவேர்ட்ஸ்' என்னும் வரி இன்னும் இடம் தருகிறது. உலாவி, இணையம், வலைத்தளம், பிரௌசர் என்று மக்கள் தேடக்கூடிய சொற்களையெல்லாம் அரைப்புள்ளியால் பிரித்து அதில் அடுக்கலாம். பெயரில் தூய்மையும் தேடலில் தாராளமும் ஒருங்கே அமைவதற்கு அது வழி செய்கிறது.

நீளமும் கருதத்தக்கது. தமிழ்ச்சொற்கள் திரையில் அகலமான இடத்தைக் கொள்வன. சின்னத்தின் கீழ் இடம் போதாதபோது திரைமுகப்பு பெயரின் வாலை வெட்டி மூன்று புள்ளிகளை இட்டுவிடும். 'புகைப்படத் தொகுப்பு மேலாண்மைச் செயலி' என்பது பொருள் நிறைந்த பெயர்தான். திரையில் அது 'புகைப்படத் தொகு...' என்று நிற்கும். 'படத்தொகுப்பு' போதும்.

தெரியுமா?

துவக்கி இலக்கணத்தின் பழைய வடிவில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் குறியேற்றம் ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழுக்கு ஒதுக்கப்பட்டது 'திஸ்கி' எனப்படும் குறியேற்றம். உலகெங்கும் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி உருவாக்கியது அது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய 'மதுரைத் திட்டம்', தமிழ் இலக்கியங்களைத் திஸ்கியில் மின்னூல்களாக வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. துவக்கிகளும் அவ்வாறே மாறின. இன்று துவக்கிக் கோப்பு முழுவதும் யுடிஎஃப்-8 முறையிலேயே எழுதப்பட வேண்டும். அம்முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டு இடம் கொள்ளும்.

அகரவரிசைச் சிக்கல்

பெயர்கள் தமிழில் வந்தபின் அவற்றை எவ்வரிசையில் அடுக்குவது என்னும் வினா எழும். ஒருங்குறி அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் இடம்பெற்றுள்ளன. வகரம் அவற்றிற்குப் பின்னே நிற்கிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலி 'வன்தட்டு' என்பதை 'வரைபடம்' என்பதற்கு முன்னே வைத்துவிடும். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகியவர் ரகரத்தை முன்னும் னகரத்தை இறுதியிலும் தேடுவார். புள்ளியெழுத்தின் நிலையும் இத்தகையதே. அகராதியில் ககர மெய் ககரத்திற்கு முன் வரும். குறியெண் வரிசையிலோ புள்ளிக்குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே தள்ளப்பட்டுள்ளது.

இதற்காக ஒருங்குறி அட்டவணையைக் குறைகூறிப் பயனில்லை. எழுத்துக்கு எண் தருவது ஒன்று, எழுத்தை வரிசைப்படுத்துவது வேறொன்று. கணினியின் வட்டார அமைவைத் தமிழ்–இந்தியா என அமைத்தால், அதனைப் பின்பற்றும் செயலிகள் நெடுங்கணக்கின்படி அடுக்கும். பெயரை மட்டும் தமிழாக்கி வட்டார அமைவை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவோர்க்கே பட்டி கலைந்து காட்சியளிக்கும்.

தொகுத்தலும் களைதலும்

பள்ளிக் கணினி ஆய்வகம் ஒன்றில் புதிய லினக்ஸ் வெளியீட்டை நிறுவினால் பட்டியில் எண்ணற்ற துவக்கிகள் நிறைந்திருக்கும். அவற்றுள் மாணவர்க்கு நாள்தோறும் வேண்டியவை சிலவே: எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர், விண்மீன்களைக் காண ஸ்டெல்லேரியம், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, படம் திருத்தக் கிம்ப். எஞ்சியவை அமைப்பு மேலாளர்க்கு உரியவை; சில எவருக்கும் உரியவையல்ல.

வேண்டாததை நீக்கச் செயலியையே அழிக்க வேண்டியதில்லை. பொதுக் கோப்புறையிலுள்ள துவக்கியைப் படியெடுத்து, அதே பெயரில் தனிக்கோப்புறையில் வைத்தால் கணினி தனிக்கோப்பையே ஏற்கும். அப்படியில் 'நோ டிஸ்ப்ளே' என்னும் வரியில் 'ட்ரூ' என எழுதினால் துவக்கி பட்டியிலிருந்து மறையும். செயலி கெடாமல் இருக்கும். தமிழ்ப்பெயர் சேர்ப்பதற்கும் இவ்வழியே உகந்தது. பொதுக் கோப்பிலேயே கைவைத்தால், செயலி புதுப்பிக்கப்படும் நாளில் அத்திருத்தம் அழிந்துபோகும். தனிப்படிக்கும் ஒரு குறை உண்டு. செயலியின் புதிய பதிப்பில் இயக்கக் கட்டளை மாறிவிட்டால், பழைய படி பழைய கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே எவற்றைப் படியெடுத்தோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம்.

இதனினும் சிறந்த வழி, மொழிபெயர்ப்பைச் செயலியை உருவாக்குவோரிடமே சேர்ப்பது. கேடிஇ, குநோம் ஆகிய இரண்டிலும் தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பால் நிகழ்வது. அவர்கள் ஆங்கிலத் தொடரும் தமிழ்த்தொடரும் இணையாக அமைந்த கோப்புகளில் மொழிபெயர்ப்பை எழுதுகின்றனர். மூலநிரல் தொகுக்கப்பட்டுச் செயலியாகும்போது அந்தத் தமிழ்ப்பெயர் துவக்கிக் கோப்பினுள் தானே சென்று அமர்கிறது. மதுரையில் ஒருவர் திருத்திய ஒரு சொல், அடுத்த பதிப்பில் சிங்கப்பூரிலும் டொரோண்டோவிலும் தமிழில் கணினியைத் திறப்பவர் கண்ணில் படும்.

பிரிவுகளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கல்வி, அலுவலகம், வரைகலை, இணையம் முதலிய முதன்மைப் பிரிவுகளின் பெயர்களை இலக்கணம் வரையறுத்துள்ளது. அவற்றை ஆங்கிலத்தில் உள்ளவாறே எழுதினால்தான் திரைமுகப்பு புரிந்துகொள்ளும். திரையில் அவற்றைத் தமிழில் காட்டுவது திரைமுகப்பின் கடமை. எந்தப் பிரிவும் குறிக்கப்படாத துவக்கி 'மற்றவை' என்னும் மூலையில் போய்ச் சேரும். பணிக்குறிக்கு நீட்டியும் சுருக்கியும் தெளிவு குன்றாத வெக்டர் படமே ஏற்றது.

முகமூடி அணிந்த துவக்கி

பெயரையும் சின்னத்தையும் எவரும் விரும்பியவாறு வைத்துக்கொள்ளலாம் என்னும் இந்நெகிழ்ச்சியே ஊறுக்கும் வாயிலாகிறது. ஒரு துவக்கிக்கு 'கூட்ட அறிவிப்பு' என்று பெயரிட்டு, ஆவணத்தின் சின்னத்தைப் பொருத்தி, கட்டளை வரியில் தீநிரலைப் பதுக்கினால், பார்ப்பவர் அதை ஆவணம் என்றே நம்பிச் சொடுக்குவார். இது கற்பனையன்று. பாஸ் லினக்ஸ் பயன்படுத்தும் இந்திய அரசு அலுவலகங்களைக் குறிவைத்து, பிடிஎஃப் ஆவணம் போலத் தோற்றமளிக்கும் துவக்கிக் கோப்புகள் மின்னஞ்சல் வழியே அனுப்பப்பட்டதை இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளிப்படுத்தினர். சொடுக்கியவர் திரையில் உண்மையான ஆவணம் ஒன்றும் திறந்தது. பின்னணியில் உளவு நிரலும் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர், 2019 ஆகஸ்டில், கேடிஇ திரைமுகப்பில் சின்னத்திற்குரிய வரியிலேயே கட்டளையை ஒளித்து வைக்கக்கூடிய குறை ஒன்று கண்டறியப்பட்டுக் களையப்பட்டது.

குநோம் போன்ற திரைமுகப்புகள், திரையின் மேல் வைக்கப்பட்ட புதிய துவக்கியை உடனே இயக்குவதில்லை. இயக்க இசைவு தருமாறு பயனரைக் கேட்கின்றன. அந்த வினாவைப் படிக்காமல் இசைவு தரும் விரலுக்கு எந்தப் பாதுகாப்பும் துணை நிற்காது. ஐயத்திற்குரிய கோப்பைச் சொடுக்காமல் உரைத் திருத்தியில் திறந்து 'எக்செக்' வரியைப் படித்துப் பார்க்கலாம். துவக்கி வெறும் உரைக்கோப்பு ஆதலால் அதனுள் ஒளிந்திருப்பதைக் காண எழுத்தறிவே போதும். நீண்டு குழம்பிய கட்டளையும், அறியாத இணைய முகவரியும் அங்கே இருப்பின் கோப்பை நீக்கிவிட வேண்டும்.

மேலூர் மாணவியின் துவக்கியில் அந்த வரி மிகச் சிறியது: பைத்தான் என்னும் சொல்லும் அவளது நிரலின் முழு முகவரியும். அதன் மேலே 'வைகை நீர்மட்டம்' என்னும் தமிழ்ப்பெயர். தேடல் சொற்களில் அணை, பாசனம், பெரியாறு, தண்ணீர் என்னும் நான்கு. அவள் தந்தை தமிழ்99 விசைப்பலகையில் 'தண்' என்று தட்டுவதற்குள் சின்னம் திரைக்கு வந்துவிடும்.